பிள்ளையின் கைக்கு வேலை கொடுப்போம்: சிறுவர்களுக்கான தொழில்வழிச் சிகிச்சையும் எமது வீடுகளும்

புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளையை முன்பள்ளியில் சேர்த்த சில மாதங்களில் ஆசிரியர் பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசுவது எமது குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிந்த விடயம். பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கச் சிரமமாக இருக்கிறது, கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியவில்லை, சப்பாத்தைத் தானாகப் போடுவதில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறது என்று அவர் சொல்லுவார். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் பிள்ளையைப் பார்ப்பது நல்லது என்றும் சொல்லுவார்.

வீடு திரும்பும் பெற்றோரின் மனதில் இரண்டு எண்ணங்கள் ஓடும். ஒன்று, பிள்ளைக்கு ஏதோ பெரிய குறை இருக்கிறது என்ற பயம். மற்றது, ஊரில் இப்படியெல்லாம் யாரும் சொன்னதில்லை, இவர்கள் வேண்டுமென்றே குறை பிடிக்கிறார்கள் என்ற கோபம். பயம் பிள்ளையை மறைக்கச் செய்கிறது. கோபம் கடிதத்தை அலுமாரிக்குள் வைக்கச் செய்கிறது. இரண்டாலும் நட்டம் பிள்ளைக்குத்தான்.

இந்தச் சிகிச்சை என்ன, அதில் எவற்றை எமது வீட்டிலேயே செய்யலாம், எப்போது நிபுணரிடம் கட்டாயம் போக வேண்டும் என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். இது ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. மருத்துவரின் பரிசோதனைக்கு இது மாற்று அல்ல.

பெயரில் உள்ள குழப்பம்

தொழில்வழிச் சிகிச்சை என்றதும், நாலு வயதுப் பிள்ளைக்குத் தொழில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை அல்ல. ஒருவர் தன் நாளை நடத்தச் செய்யும் எல்லாச் செயல்களும் அதில் அடங்கும். சிறுபிள்ளைக்கு விளையாடுவதும், சாப்பிடுவதும், உடுப்புப் போடுவதும், பல் தீட்டுவதும், படம் கீறுவதும்தான் தொழில். ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், நோர்வே ஆகிய நாடுகளில் இதையே எர்கோதெரபி என்று அழைக்கிறார்கள்.

இத்துறைக்கான முதலாவது சங்கம் அமெரிக்காவில் 1917இல் உருவானது. முதலாம் உலகப் போரில் காயமடைந்து திரும்பியவர்களை மீண்டும் அன்றாட வாழ்வுக்குக் கொண்டுவரும் பணியில் இத்துறை வேகமாக வளர்ந்தது. பின்னர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர், பிள்ளைகளின் மூளை புலன்களிலிருந்து வரும் தகவல்களை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்பதை ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டார். இன்று சிகிச்சை அறைகளில் காணும் ஊஞ்சல்களுக்கும் பெரிய பந்துகளுக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் அவரது சிந்தனையே.

கை எப்படி வளர்கிறது

பென்சில் பிடிப்பது விரலில் தொடங்குவதில்லை. முதலில் கழுத்தும் முதுகும் உறுதியாக வேண்டும். பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல் நுனிகள். நிமிர்ந்து இருக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பயனில்லை. மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகப் பல ஆண்டுகள் எடுத்தே எலும்பாக மாறுகின்றன. மூன்று வயதுப் பிள்ளையைக் கொப்பியும் பென்சிலுமாக மணிக்கணக்கில் இருத்துவது ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரும்பாலான பிள்ளைகள் கீழ்க்காணும் செயல்களை இந்த வயதளவில் செய்வார்கள்:

- 9 மாதம்: பிடிக்காமல் இருக்கும், பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும்.
- 12 மாதம்: பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறிய உணவுத் துண்டைக் கிள்ளி எடுக்கும்.
- 18 மாதம்: கிறுக்கும், கரண்டியால் சாப்பிட முயலும், மூடியில்லாத பேணியில் சிந்திச் சிந்தியாவது குடிக்கும்.
- 2 வயது: கரண்டியால் சாப்பிடும்.
- இரண்டரை வயது: புத்தகத்தின் தாளை ஒவ்வொன்றாகப் புரட்டும், மூடியைத் திருகித் திறக்கும்.
- 3 வயது: காட்டிக் கொடுத்தால் வட்டம் கீறும், பெரிய மணிகளைக் கோக்கும், சில உடுப்புகளைத் தானே போடும்.
- 4 வயது: சில தெறிகளைக் கழற்றும், கிரேயோனை முட்டியால் அல்லாமல் விரல்களால் பிடிக்கும்.
- 5 வயது: சில தெறிகளைப் பூட்டும், ஒற்றைக் காலில் கெந்தும்.

இது பரீட்சைத் தாள் அல்ல. ஒன்றிரண்டு மாதம் முன்பின் இருப்பது இயல்பு. ஆனால் பல வரிகளில் பிள்ளை பின்னால் நின்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

ஊட்டும் கையும் பழகும் கையும்

எமது வீடுகளில் அன்பு பெரும்பாலும் கைவழியாகத்தான் போகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சோறு குழைத்து ஊட்டுவோம். சப்பாத்தும் கால்மேசும் போட்டு விடுவோம். மேற்சட்டையின் சிப்பை இழுத்து விடுவோம். அம்மம்மா வீட்டில் இருந்தால் பிள்ளை பேணியைக்கூடத் தூக்க வேண்டியிருக்காது. இதில் அன்போடு நேரமின்மையும் சேர்ந்திருக்கிறது. இரவு வேலை முடித்து வந்த தகப்பனுக்கும், காலை ஆறு மணிக்குப் பேருந்து பிடிக்கும் தாய்க்கும், பிள்ளை இருபது நிமிடம் எடுத்துச் சப்பாத்துப் போடும்வரை காத்திருக்க முடிவதில்லை.

ஊரில் இந்தக் குறை வேறு வழியில் நிரம்பியது. முற்றத்து மணலில் கிண்டுவதும், மரத்தில் தொங்குவதும், கிணற்றடியில் வாளி தூக்குவதும், கொக்கான் வெட்டுவதும் பிள்ளையின் தோளையும் விரலையும் ஒருவரும் சொல்லாமலே பழக்கின. ஏழாம் மாடித் தொடர்மாடியில், ஆறு மாதக் குளிரில், கையில் திரையோடு வளரும் பிள்ளைக்கு அந்த முற்றம் இல்லை. பிள்ளை சோம்பேறி என்றோ, தாய் சரியில்லை என்றோ சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் சிரமத்துக்கும் இதுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. சில பிள்ளைகள் பிறப்பிலேயே வேறு விதமாக வளர்பவர்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் கைக்கு வேலை கிடைத்தால் நன்மைதான்.

முதல் மாற்றத்துக்குச் செலவில்லை. நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பிள்ளை தன் கையால் சாப்பிடட்டும். நிலத்தில் பழைய விரிப்பைப் போடுங்கள், சிந்தட்டும். சோற்றைக் குழைத்து, ஐந்து விரலையும் கூட்டி எடுத்து, வாய்க்குக் கொண்டுபோவது நல்ல விரல் பயிற்சி, தொடுபுலனுக்கும் பயிற்சி. கரண்டியும் முள்ளுக்கரண்டியும் பள்ளிக்குத் தேவை என்பதால் இன்னொரு வேளை அவற்றையும் பழக்குங்கள். வீட்டில் கையால் சாப்பிடும் வழக்கம் எமது பண்பாடு என்பதை ஆசிரியரிடமும் சிகிச்சையாளரிடமும் சொல்லி வையுங்கள். தெரியாவிட்டால் அவர்கள் அதைத் திறமைக் குறைவாக எண்ணக்கூடும்.

குசினிதான் சிகிச்சை அறை

சிகிச்சையாளர்கள் விலைக்கு வாங்கச் சொல்லும் களிமண்ணும் மணிகளும் செய்யும் வேலையை எமது குசினியில் உள்ள பொருட்களும் செய்யும்.

மா குழைத்தல்: ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு பிடி மாவைப் பிள்ளையிடம் கொடுங்கள். அழுத்துதல், உருட்டுதல், தட்டுதல் மூன்றும் உள்ளங்கைத் தசைகளைப் பலப்படுத்தும். சுடுநீர் ஊற்றிக் குழைக்கும் மாவைப் பெரியவர் குழைத்து ஆறிய பின்னரே கொடுக்க வேண்டும்.

உருட்டலும் கிள்ளலும்: பயற்றம் உருண்டை பிடிப்பதற்கு இரண்டு கையும் சேர்ந்து இயங்க வேண்டும். ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை அவிக்கும்போது விளிம்பைக் கிள்ளி ஒட்டும் வேலை பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உரியது. பென்சிலைத் தாங்குவதும் அதே விரல்கள்தான்.

உருவலும் உரித்தலும்: கறிவேப்பிலை உருவுதல், முருங்கை இலை ஆய்தல், ஊறிய உள்ளி உரித்தல், அவித்த முட்டையின் கோது உடைத்தல் ஆகியவை மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஏற்றவை. பனங்கிழங்கு கிடைத்தால், அவித்துத் தோல் உரித்து நார் இழுக்கக் கொடுங்கள். ஒரு கை பிடிக்க மறு கை இழுக்கும் பழக்கம் கத்தரிக்கோலுக்கு நல்ல ஆயத்தம்.

பிழிதலும் கிளிப்பும்: இடியப்ப உரலை அழுத்த ஐந்து வயதுப் பிள்ளை பெரியவரோடு கை சேர்க்கலாம். உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை மட்டையின் விளிம்பில் குத்தி எடுப்பது நல்ல விரல் பயிற்சி. குளிக்கும்போது பஞ்சில் தண்ணீரை நிரப்பி வாளிக்குள் பிழியவிடலாம்.

கத்தரிக்கோல்: மூன்று வயதளவில் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் தாளின் ஓரத்தை வெட்டவிடுங்கள். நாலு வயதளவில் நேர்கோட்டில் வெட்டலாம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை செய்தது கோணலாக இருந்தாலும் அதையே அவித்து, அதன் கோப்பையில் வையுங்கள்.

உடல் முழுவதுக்கும்

ஒன்று முதல் நாலு வயதுவரையான பிள்ளை நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட வேண்டாம் என்பதும் அதில் உண்டு. தவழாத குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருக்க, நாளில் பிரித்துப் பிரித்து மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும். தோளும் கழுத்தும் உறுதியாவது அங்கேதான்.

வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை: மேசைக்குக் கீழே தவழ்ந்து போதல், தலையணைகளை வரிசையாக வைத்து ஏறி இறங்குதல், நாலு காலில் கரடிபோல் நடத்தல், நிலத்தில் ஒட்டிய நாடாவின்மேல் கால் வைத்து நடத்தல், உடுப்புக் கூடையைத் தள்ளிக்கொண்டு போதல், கடைச் சாமானில் ஒரு கிலோ அரிசிப் பையைத் தூக்கி வருதல். கீழ் வீட்டாருக்குச் சத்தம் கேட்கும் என்றால் குதிப்பதற்குப் பதிலாகச் சுவரை இரண்டு கையாலும் தள்ளும் விளையாட்டு நல்லது. கோடையில் பூங்காவில் எட்டுக்கோடு கீறிக் கெந்தவிடுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளைச் சேர்த்துக் கிளித்தட்டு மறியுங்கள். அப்பப்பாமார் இதற்கு நல்ல ஆசிரியர்கள்.

கண்ணுக்குத் தெரியாத புலன்கள்

ஐம்புலன் என்று நாம் படித்தோம். சிகிச்சையாளர்கள் இன்னும் சிலவற்றையும் பார்க்கிறார்கள். உட்காதில் உள்ள சமநிலை உணர்வு, தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று சொல்லும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு, கண் பார்க்காமலே கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்லும்.

சில பிள்ளைகளுக்கு இந்தத் தகவல்கள் மிகப் பலமாக வந்து சேர்கின்றன. திருமண மண்டபத்து ஒலிபெருக்கி, கோயிலில் தவிலும் நாதஸ்வரமும் மணியும் ஒன்றாக எழும் நேரம், பட்டுப்பாவாடையின் சரிகை, தலைக்கு எண்ணெய் வைத்தல், முடி வெட்டுதல் எல்லாம் அவர்களுக்குத் தாங்க முடியாதவை. வேறு சில பிள்ளைகளுக்குத் தகவல் போதாது. அவர்கள் ஓயாமல் குதிப்பார்கள், சுற்றுவார்கள், மோதுவார்கள். இரண்டு வகைப் பிள்ளைக்கும் எமது சபைகளில் கிடைக்கும் பெயர் ஒன்றுதான்: குழப்படி.

அடக்குவதற்கு முன் ஆயத்தம் செய்யுங்கள். கோயிலுக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில் போகலாம். பூசை உச்சமாகும்போது வெளி வீதிக்கு வரலாம். காதுக்கவசம் போடுவது சாமிக்கு மரியாதைக் குறைவு அல்ல. சரிகைக்கு உள்ளே பருத்திச் சட்டை போடலாம். மண்டபத்தில் வாசலுக்குக் கிட்ட இருக்கலாம். நிறையக் குதிக்கும் பிள்ளைக்கு, இருந்து சாப்பிட வேண்டிய நேரத்துக்கு முன் தள்ளும், தூக்கும் வேலை கொடுங்கள். பெரியவர் இருவர் போர்வையின் நாலு முனையையும் இறுகப் பிடித்து, பிள்ளையை நடுவில் வைத்து மெதுவாக ஆட்டினால் பல பிள்ளைகள் அமைதியாவார்கள். பிள்ளை போதும் என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

புலன் சிரமம் மட்டுமே ஒரு நோயின் பெயர் அல்ல. அதைத் தனி நோயாக முடிவு செய்யக் கூடாது, பின்னால் வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் அறிவுறுத்தியது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது பரவலாகக் காணப்படும். ஆனால் காதைப் பொத்தும் எல்லாப் பிள்ளைக்கும் ஓட்டிசம் இல்லை. ஆகவே இணையத்தில் விற்கும் விலை உயர்ந்த பொதிகளை வாங்கிக் குவிப்பதிலும் பார்க்க, ஒரு முறை சரியான பரிசோதனைக்குப் போவது மேல்.

அரிசியில் விளையாடலாமா?

ஒரு தட்டு நிறைய அரிசியைக் கொட்டிப் பிள்ளையை அளையவிடச் சொல்லும் சிகிச்சையாளரின் சொல் எமது பெரியவர்களில் பலரை நோகச் செய்யும். வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. அவர்களுக்கு உணவு விளையாட்டுப் பொருள் அல்ல. இந்த மனத்தடையைச் சிகிச்சையாளரிடம் வெட்கப்படாமல் சொல்லலாம்.

வழியும் உண்டு. விளையாட்டை வேலையாக மாற்றுங்கள். சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பார்க்கவும், பயறையும் கடலையையும் பிரித்துப் போடவும், பேணியால் அளந்து பானைக்குள் கொட்டவும், தண்ணீரில் அளைந்து கழுவவும் விடுங்கள். தொடுபுலனுக்குக் கிடைக்கும் பயன் அதேதான். பிறகு அதைச் சமைத்துச் சாப்பிடலாம். அதுவும் வேண்டாம் என்றால் மணல் இருக்கிறது.

எழுத்துக்கு முன்

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். ஆண்டுக்கு ஒரு நாளோடு அதை நிறுத்தத் தேவையில்லை. மணலில், மாவில், கண்ணாடியில் படிந்த நீராவியில் விரலால் கீறுவது பென்சிலுக்கு முன்பான படி. தாளைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு கீறவிட்டால் தோளும் மணிக்கட்டும் பலப்படும். நீளமான கிரேயோனை உடைத்துச் சிறு துண்டாகக் கொடுத்தால் முட்டியால் பிடிக்க இடமிராது, விரல் நுனிகள் தாமாக முன்வரும்.

இடதுகைப் பிள்ளையின் பென்சிலை வலது கைக்கு மாற்றாதீர்கள். எந்தக் கை என்பது பொதுவாக நாலு முதல் ஆறு வயதுக்குள் உறுதியாகும். அதை முடிவு செய்வது பிள்ளையின் மூளை. இடதுகைக்குரிய கத்தரிக்கோலும் கடைகளில் உண்டு.

பாதுகாப்பு

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மணி, பயறு, கடலை, தெறி போன்ற சிறு பொருட்களைத் தனியே கொடுக்கக் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் காதுக்கும் போய்விடும். முழுக் கச்சானை ஐந்து வயதுவரை உண்ணக் கொடுக்க வேண்டாம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் சிறு ஜெல் மணிகள் விழுங்கினால் குடலை அடைக்கும். அவற்றை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளையைத் தனியே விட வேண்டாம்.

எப்போது நிபுணரிடம் போவது

வீட்டுப் பயிற்சி பலன் தரும்வரை பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லக் கூடாத அறிகுறிகள் உண்டு. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை முட்டியாக வைத்திருத்தல், உடல் மிகவும் தளர்வாகவோ விறைப்பாகவோ இருத்தல், முன்பு செய்தவற்றை இப்போது செய்யாமல் விடுதல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதிருத்தல், உணவில் மிகச் சிலவற்றை மட்டுமே ஏற்று மெலிந்து போதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மற்றச் சிரமங்களுக்கும் வழி இருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோவில் 18 மாதத்தில் விரிவான வளர்ச்சிப் பரிசோதனை உண்டு. இங்கிலாந்தில் இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் சுகாதாரப் பார்வையாளர் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்ப்பார். ஜேர்மனியில் பிறப்பிலிருந்து ஐந்து வயதுவரை படிப்படியாகப் பரிசோதனைகள் உண்டு, எர்கோதெரபிக்குக் குழந்தை மருத்துவர் சீட்டு எழுதித் தருவார். நோர்வேயில் நகரசபையின் சுகாதார நிலையத்தில் கேட்கலாம். இச்சந்திப்புகளில் எல்லாம் நல்லது என்று தலையாட்டிவிட்டு வராமல், பிள்ளை செய்யாதவற்றை எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் எடுத்த சிறு காணொளியும் உதவும்.

மொழி தடையாக இருந்தால் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் அதற்குக் கட்டணமில்லை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியின் குறையைத் தாய்க்குச் சொல்லும் சுமை பத்து வயது அக்காவுக்கு வேண்டாம்.

வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கத் தேவையில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் வளர்ச்சித் தாமதமோ ஓட்டிசமோ வருவதில்லை, ஏற்கெனவே உள்ளது மோசமாவதுமில்லை. தாயின் வாய்க்கு இயல்பாக வரும் மொழியில்தான் "அமத்து", "உருட்டு", "கிள்ளு", "மெதுவாய்" என்ற சொற்கள் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும். ஒரு கொழுக்கட்டை செய்து முடிக்கும்போது பிள்ளை விரலையும் பழகுகிறது, இருபது தமிழ்ச் சொல்லையும் பழகுகிறது.

பிள்ளையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது மானக்கேடு அல்ல. பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது, ஆகவே பெயரை முந்திப் பதிவு செய்யுங்கள். முறை வரும்வரை நாட்களை வெறுமனே போக விடாதீர்கள். இன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கறிவேப்பிலை உருவும் வேலையை உங்கள் வீட்டின் மிகச் சிறிய கைகளிடம் கொடுங்கள். சமையல் பத்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை.